குட்டை தொடங்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் குட்டையின் படங்களும் கிடைத்தன. பல்லடம் பக்கம் இரண்டு ஏக்கர் குட்டை, கரையெல்லாம் வேம்பு, சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு வந்து உட்காரக் காத்திருக்கும் பனியன் கம்பெனி நண்பர்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஊட்டிக்குப் போய் டிரவுட் பிடித்து வந்த சூட்டில் அந்த மீனையே இங்கேயும் விடலாமா என்று கேட்டிருக்கிறாய். அது நடக்காது. தண்ணீரின் சூடு 20 டிகிரியைத் தாண்டினாலே டிரவுட் திணறும். சித்திரை மதியம் உன் குட்டையின் மேல்தண்ணீர் 30 டிகிரிக்கும் மேலே இருக்கும். ஐஸ் கட்டி கொட்டியா மீன் வளர்ப்பாய்?

டிரவுட் ஆசையைக் கைவிடு, ஆனால் அது நீலகிரிக்கு வந்த கதையைத் தெரிந்துகொள். 1860களில் பிரான்சிஸ் டே என்பவர் அங்கே டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார், கைகூடவில்லை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்த பிறகுதான் அது நிலைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1879இல், நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் அங்கே கொண்டுவந்து பழக்கிய மீன்களையும் காக்க மதராஸ் அரசு சட்டம் போட்டுவிட்டது. எப்போது பிடிக்கலாம், எப்போது கூடாது என்ற ஒழுங்கு முதலில் வந்தது, டிரவுட் பின்னால் வந்தது. நம் ஊரில் குஞ்சை வாங்கி விட்டுவிட்டு, பிறகு கரையில் நின்று சண்டை போடுகிறோம்.

இன்னொன்றும் கவனி. கூழாங்கல் படுகையில் ஓடும் குளிர்ந்த ஓடை இருந்தால்தான் டிரவுட் முட்டையிடும். ஓடை வந்து சேராத ஏரியில் எத்தனை வருடம் கிடந்தாலும் பெருகாது, மனிதன்தான் திரும்பத் திரும்ப விட வேண்டும். உன் கட்லாவும் ரோகுவும் மிர்காலும் இதில் அதற்கு அண்ணன் தம்பிகள். ஆற்றில் வெள்ளம் புரளும்போது முட்டையிடும் சாதி அவை, நின்ற தண்ணீரில் இனம் பெருக்காது. 1957இல் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டு இவற்றை முட்டையிட வைத்ததால்தான் இன்று பண்ணையில் ஆர்டர் கொடுத்துக் குஞ்சு வாங்குகிறோம். ஆக, உன் குட்டையில் இருக்கும் ஒவ்வொரு கெண்டையும் நீ எண்ணி விட்டது, தூண்டிலில் போகும் ஒவ்வொன்றும் அந்தக் கணக்கில் குறைவது. கட்டிங்கில் எத்தனை பீஸ் போனது, பேக்கிங்கில் எத்தனை வந்தது என்று உன் அப்பா தினமும் எழுதுகிறாரே, அதே நோட்டு குட்டைக்கும் வேண்டும். இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் நோட்டை மறக்காதே.

எத்தனை குஞ்சு விடுவது? நிறைய விட்டால் நிறையக் கிடைக்கும் என்று நினைக்காதவர் இல்லை. ஆழியாறு அணையைப் பார். முன்பெல்லாம் ஹெக்டேருக்கு ஒரு வருடம் 500, இன்னொரு வருடம் 2,500 என்று மனம்போல விட்டார்கள். 1964-65இல் கிடைத்த மீன் ஹெக்டேருக்கு 2 கிலோகூட இல்லை. பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னபடி எண்ணிக்கையை 235 முதல் 300 வரை குறைத்தார்கள். சிறு குஞ்சை நிறுத்திவிட்டு 10 செ.மீ.க்கு மேல் வளர்ந்ததை மட்டும் விட்டார்கள். அதையும் ஒரே நாளில் கொட்டாமல் பிரித்துப் பிரித்து விட்டார்கள். வலைக் கண்ணுக்கு அளவு வைத்தார்கள், ஒரு கிலோவுக்குக் குறைந்த பெருங்கெண்டையைப் பிடிக்கக் கூடாது என்றார்கள். 1990 வாக்கில் ஹெக்டேருக்கு 190 கிலோவுக்கு மேல் வந்தது. விட்டது குறைந்தது, எடுத்தது பெருகியது.

அணைக் கணக்கை அப்படியே குட்டைக்குப் போட முடியாது. நீ தவிடும் புண்ணாக்கும் கொஞ்சம் கொடுப்பாய் என்பதால் ஏக்கருக்கு ஆயிரம் போதும். விரல் நீளத்துக்குக் குறைந்த குஞ்சு வேண்டாம், அதைத் தவளையும் தண்ணீர்ப் பாம்பும் நீர்க்காகமும் பங்கு போட்டுக்கொள்ளும். கட்லா மேலே மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். தூண்டில்காரர்களுக்கு ரோகுதான் பிடிக்கும், அதைக் கொஞ்சம் கூட்டிக்கொள்.

குஞ்சு வரும் நாளில் அவசரப்படாதே. விடியற்காலையில் ஆக்சிஜன் பை வந்ததும் அவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள், பாதி அன்றைக்கே செத்துப்போகும். பையை அப்படியே கால் மணி நேரம் குட்டையில் மிதக்கவிடு. பிறகு வாயைத் திறந்து உன் குட்டைத் தண்ணீரைக் கைகையாக அள்ளி உள்ளே ஊற்று. கடைசியில் பையைச் சாய்த்துப் பிடி, குஞ்சுகள் தாமாக நீந்தி வெளியே போகட்டும். சோம்பிப் போய் அடியில் கிடக்கும் குஞ்சை எண்ணி நோட்டில் கழித்துவிடு.

ஜிலேபி கெண்டை இதற்கு நேர் எதிர். 1952இல் இந்தியாவுக்குள் வந்த மீன், அமராவதி அணையையே தன் வீடாக்கிக்கொண்டது. மூன்று மாதத்திலேயே முட்டைக்கு வந்துவிடும், முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். நீ விடாவிட்டாலும் எப்படியோ வந்து சேரும். அதற்கு மட்டும் உச்சவரம்பு வைக்காதே. பையன்கள் மைதா மாவைக் கோத்துக்கொண்டு எத்தனை வேண்டுமானாலும் இழுத்துப் போகட்டும். கெண்டைகள் அரையடியைத் தாண்டிய பிறகு ஏக்கருக்கு முப்பது நாற்பது விரால் விட்டால் குட்டி ஜிலேபியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

விராலைப் பற்றி ஒரு கண்டிப்பு. மழை பெய்து ஓய்ந்த நாட்களில் செந்நிறக் குஞ்சுகள் பந்துபோலத் திரண்டு அடிக்கொரு தடவை மேலே வந்து தண்ணீரைக் கொப்பளிக்க வைக்கும். அதற்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். ரப்பர் தவளையை அதன் நடுவில் போட்டால் பசி இல்லாவிட்டாலும் ஆத்திரத்தில் பாய்ந்து கவ்வும். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க அருமையான மீன், ஆனால் அது போன அரைமணியில் ஜிலேபிகள் அந்தக் குஞ்சுகளைத் தின்று முடித்துவிடும். குஞ்சுப் பந்தின் மேல் தூண்டில் போடுகிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கரையை விட்டு இறக்கிவிடு. உன் சொந்த மாமனாக இருந்தாலும்தான்.

அடுத்து, சனிக்கிழமை இரவு லாரி. உயிர்மீன் கொண்டுவந்து கொட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பிய்த்துக்கொண்டு போகும் என்று ஆள் வருவான். அலைச்சலில் செதில் உதிர்ந்த மீன் இரண்டு நாள் இரையைத் தொடாது, மூன்றாம் நாள் மிதக்கும். அதில் ஆப்பிரிக்கன் கெளுத்தி கலந்திருந்தால் வளர்ப்பதே குற்றம், மத்திய அரசு அதை 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் ஆற்றில் பண்ணை டிரவுட்டைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார்கள். ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த டிரவுட் குறைவதைக் கண்ட பிறகு, தானாக மீன் பெருகும் ஆறுகளில் 1974இல் கொட்டுவதை நிறுத்தினார்கள். உன் குட்டை ஆறு இல்லைதான். என்றாலும் கூட்டத்துக்காக மீன் விடுவது என்று ஆரம்பித்தால் ஒவ்வொரு வாரமும் லாரிக்காரனுக்குத்தான் உழைப்பாய்.

கோடையில் விடியும் முன் கரைக்குப் போய்ப் பார்க்கப் பழகு. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம். உடனே மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து விழவை, தீவனத்தை நிறுத்து. சாதாரண நாட்களில் முழங்கை வரை கையை விட்டுப் பார். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் நல்லது. அதற்கு முன்பே மறைந்துவிட்டால் பாசி மிதமிஞ்சிவிட்டது. சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்கு மேல் தூண்டிலே வேண்டாம். அந்தச் சூட்டில் பிடித்துத் திரும்ப விட்ட மீன் நீந்திப் போவதுபோலப் போய் அடியில் சாகும். முள்ளின் எதிர்க்கொக்கியைப் பிளேயரால் நசுக்கச் சொல், மீனைத் தொடும் கையை நனைத்துக்கொள்ளச் சொல்.

கட்டணத்தைத் தூண்டிலுக்குத் தனியாக வாங்கு, வீட்டுக்கு எடுத்துப் போகும் மீனுக்குக் கிலோ கணக்கில் தனியாக வாங்கு. இரண்டையும் ஒன்றாக்கினால் கொடுத்த காசுக்குப் பிடித்தே தீர வேண்டும் என்று இருட்டும் வரை உட்கார்ந்திருப்பார்கள். தராசு உன் கையில் இருந்தால் நோட்டும் தானாக நிரம்பும்.

தண்ணீரைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் நீ செய்ய வேண்டியது முதலில் அதைத்தான். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன (பி.ஏ.பி.) வாய்க்காலில் இரவோடு இரவாகக் குழாய் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடு, அது கடைமடை விவசாயியின் தண்ணீர். மழையையும் போரையும் நம்பித்தான் உன் குட்டை. நொய்யலில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் உன் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். இன்று பட்டறைகள் கழிவைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகின்றன. ஆனாலும் நிலத்துக்குள் இறங்கிய உப்பு அத்தனை சீக்கிரம் போகாது. உன் மீனை ஒருவன் பிடித்து வீட்டில் குழம்பு வைக்கப் போகிறான் என்பதை நினைத்துக்கொள்.

அமராவதி நகரிலும் ஆழியாற்றிலும் அரசுப் பண்ணை இருக்கிறது, ஆடிக்குக் குஞ்சு வேண்டுமென்று இப்போதே சொல்லிவை. தைப்பொங்கல் வரை யாரையும் கரையில் இறக்காதே, தைக்குப் பிறகும் ஜிலேபிக்கு மட்டும் அனுமதி கொடு, கெண்டையை அடுத்த ஆடிக்குப் பிறகு எடுக்கலாம். இந்த வாரமே போர் தண்ணீரை ஒரு பாட்டிலிலும் குட்டைத் தண்ணீரை இன்னொன்றிலும் பிடித்துச் சோதனைக்குக் கொடு. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு, ஏக்கருக்கு ஆயிரமா, அதையும் குறைப்பதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா