மஞ்சள் லைட் எரிஞ்சா உடனே பர்ஸைத் திறக்காதே!

போன மழைக்காலத்துல என் கார்ல செக் இன்ஜின் லைட் எரிஞ்சுது. ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர் மாட்டிப் பார்த்துட்டு, "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு மேடம், ஆறாயிரம் ஆகும்"னாங்க. விழுந்த கோட் பி0135. மனசு கேக்கலை. வீட்டுக்கு வந்து, இன்ஜின் ஆறினதும் பானெட்டைத் திறந்து, சென்சார்ல இருந்து வர்ற ஒயரை விரலால தடவிக்கிட்டே போனேன். ஒரு இடத்துல உறை பிஞ்சு, செம்புக் கம்பி பளிச்சுனு தெரிஞ்சுது. பக்கத்துலயே எலிப் புழுக்கை! ஆட்டோ எலக்ட்ரீஷியன் அந்த ஒயரைச் சேர்த்துக் கொடுத்ததும் லைட் அணைஞ்சுது. பழைய சென்சார்தான் இன்னும் ஓடுது.

பி0135-க்கு அர்த்தம், அந்த சென்சாரைச் சூடாக்கற ஹீட்டர் சர்க்யூட்ல கோளாறுன்னுதான். சர்க்யூட்னா சென்சார் மட்டுமில்ல. ஃப்யூஸ், ஒயர், கனெக்டர் எல்லாமே சேர்த்தி. கோட் தெருப் பேரைத்தான் சொல்லும், வீட்டு நம்பரை நாமதான் தேடணும். இதை மட்டும் மனசுல வெச்சுக்கோ தங்கச்சி, பாதி காசு மிச்சம்.

லைட் விடாம எரிஞ்சு, வண்டி வழக்கம்போல ஓடினா பதற வேண்டாம். சீக்கிரமா செக் பண்ணிடு. மினுக்கு மினுக்குன்னு அடிச்சா கதையே வேற. இன்ஜின் மிஸ் ஆகி, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்குதுன்னு அர்த்தம். ஆக்சிலரேட்டரை விட்டு ஓரம் கட்டிடு. சிவப்புல ஆயில் லைட்டோ, டெம்பரேச்சர் லைட்டோ வந்தா இன்ஜினை உடனே ஆஃப் பண்ணு. அதுக்கு மேல ஒரு தெரு கூட ஓட்டாதே.

நம்ம நாட்டுல 2013 ஏப்ரல்ல இருந்து புது கார்களுக்கு, கோளாறைக் கோடா சொல்ற ஓபிடி-2 வசதி வந்தாச்சு. ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டுக்கு அடியில 16 பின் சாக்கெட் இருக்கும். சின்ன புளூடூத் ரீடர் ஒண்ணை அதுல சொருகினா கோட் உன் போன்லயே தெரியும். முதல் வேலையா அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. சிலர் பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டி லைட்டை அணைச்சுடுவாங்க. கோளாறு அப்படியே இருக்கும், அதோட தடயம்தான் அழிஞ்சு போயிடும்.

மழைக்கு அப்புறம் வண்டி குலுங்கி, பி0302 விழுந்தா, ரெண்டாவது சிலிண்டர் மிஸ் ஆகுதுன்னு அர்த்தம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் இருக்கிற காரா? இன்ஜின் ஆஃப்ல, நல்லா ஆறினப்புறம், ரெண்டாவது காயிலையும் மூணாவதையும் இடம் மாத்தச் சொல்லு. கோட் பி0303-ஆ மாறினா காயில்தான் குற்றவாளி. பி0302-ஆவே நின்னா பிளக்கைக் கழட்டிப் பார்க்கச் சொல்லு. பிளக் உட்கார்ற குழியில தண்ணி நிக்குதான்னும் பார்க்கணும். அதுவும் சரியா இருந்தா இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரஷன். எடுத்த எடுப்புல நாலு காயிலையும் மாத்தறது பணத்தைக் கொட்டற வேலை.

பி0420-ன்னு வந்தா கன்வர்ட்டரையே மாத்தணும்பாங்க. பெரிய செலவு அது! சைலன்சர் பைப்புல லீக் இருக்கா, இன்ஜின் மிஸ் ஆகுதா, ஆக்சிஜன் சென்சார் சரியா வேலை செய்யுதான்னு பார்த்து முடிச்சப்புறம்தான் கன்வர்ட்டர் பக்கம் போகணும்.

மெக்கானிக்கிட்ட கேக்கக் கூச்சப்படாதே. "இந்தப் பார்ட்தான் போயிருக்குன்னு எப்படிண்ணே டெஸ்ட் பண்ணீங்க?"ன்னு கேளு. வேலை தெரிஞ்சவர் சந்தோஷமா காட்டுவார். கழட்டின பழைய பார்ட்டையும் கையோட வாங்கிட்டு வா.

இன்னைக்கு வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் குனிஞ்சு, உன் கார்ல அந்த 16 பின் சாக்கெட் எங்க இருக்குன்னு பார்த்து வெச்சுக்கோ.