மசோதா சட்டமாவதற்குள் எங்கே தலையிடலாம்?

நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவை மாற்ற நினைப்பவர்கள் வாக்கெடுப்பு நாள்வரை காத்திருந்தால் காரியம் ஆகாது. அன்று கொறடா உத்தரவு வந்திருக்கும். மீறினால் பதவி போகும் என்பதால் ஆளுங்கட்சி உறுப்பினர் எவரும் மாற்றி வாக்களிக்க மாட்டார். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதல் வாய்ப்பு வரைவு நிலையில் கிடைக்கிறது. 2014-இல் வகுத்த கொள்கைப்படி மத்திய அமைச்சகங்கள் வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். சட்டக் கட்டாயம் இல்லாததால் பல மசோதாக்களுக்கு இது நடப்பதில்லை.

அடுத்த வாய்ப்புதான் முக்கியமானது. அறிமுகமான மசோதாவை அவைத்தலைவர் நிலைக்குழுவுக்கு அனுப்பினால், இரு அவைகளையும் சேர்ந்த 31 உறுப்பினர்கள் அதை ஆராய்வார்கள். குழு விளம்பரம் கொடுத்துக் கருத்துக் கேட்கும். அவகாசம் பெரும்பாலும் இரண்டு வாரம்தான். ‘இது மக்கள் விரோத மசோதா’ என்று எழுதினால் குழுவால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பிரிவு எண், அதில் சிக்கலான சொல், அதற்குப் பதிலாக வர வேண்டிய சொல், மாற்றாவிட்டால் யாருக்கு என்ன பாதிப்பு என்ற வரிசையில் எழுதுங்கள். நேரில் விளக்க விருப்பமென்றால் அதையும் குறிப்பிடுங்கள். அனுப்பிய மனு குழுவின் ரகசிய ஆவணமாகிவிடும். வாட்ஸ்அப்பில் பரப்பினால் உரிமை மீறல் பிரச்சினை வரலாம்.

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாதே என்பார்கள். கட்டுப்படுத்தாதுதான். ஆனால் 2019-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் கூட்டுக்குழு 81 திருத்தங்களைச் சொன்ன பிறகு, அரசே 2022-இல் அதைத் திரும்பப் பெற்றது. தாமதம் ஆகும் என்பது இன்னொரு வாதம். குழுவுக்கே போகாத வேளாண் சட்டங்கள் 2020 செப்டம்பரில் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் அவசரமாக நிறைவேறின. தில்லி எல்லையில் ஓராண்டு நீடித்த போராட்டத்துக்குப் பின் 2021 நவம்பரில் ரத்தாயின. மிச்சம் பிடித்த நேரம் எங்கே போயிற்று? குழுவுக்கு அனுப்புவதே அருகிவிட்டது என்ற குறைதான் கனமானது. 15-ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன. 17-ஆவதில் 16 சதவீதம்தான். அப்படி விடுபட்டால், அதே குறிப்பை உங்கள் தொகுதி எம்.பி.க்கு அனுப்பி, திருத்தம் கொண்டுவரக் கேளுங்கள். பெரும்பாலும் தோற்கும், ஆனாலும் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும்.

இரு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்து, அரசிதழில் வந்த பிறகும் வேலை முடிவதில்லை. பல சட்டங்கள் அரசு தனியாக அறிவிக்கும் தேதியில்தான் அமலுக்கு வரும். நடைமுறை விவரமெல்லாம் விதிகளில் இருக்கும். 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற புதிய தரவுச் சட்டத்தின் வரைவு விதிகள் 2025 ஜனவரியில்தான் கருத்துக்கு வந்தன. அப்படி ஒரு வரைவு வந்தால், பிரிவு எண்ணுக்குப் பதில் விதி எண் போட்டு அதே வரிசையில் மறுபடி எழுதி அனுப்புங்கள்.