பழைய கொதிகலனைப் பாதுகாப்போம்!

நம் ஆய்வுக்கூட அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு குட்டி நீராவி எஞ்சின் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? பித்தளைக் கொதிகலன், அடியில் ஸ்பிரிட் விளக்கு, பக்கத்தில் இரும்புச் சக்கரம். அலமாரியைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது. உடனே தண்ணி ஊத்திப் பத்த வச்சுப் பார்க்கலாம்னு கிளம்பிட்டோம். சார் தடுத்தார். "முதல்ல அந்த வால்வை அழுத்திப் பாருடா" என்றார். அழுத்தினேன். அசையவே இல்லை!

ஏன் ஆபத்து?
1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். மூடிய கொதிகலனில் இடம் ஏது? அழுத்தம் ஏறும். அதிகமான ஆவியை வெளியே விடுவதுதான் பாதுகாப்பு வால்வின் வேலை. எங்கள் வால்வோ உப்பும் களிம்பும் படிந்து இறுகிக் கிடந்தது.

நாங்கள் செய்தது:
1. வெளிப்புறத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தோம். வீட்டுக் குடம் போலப் புளி, சாம்பல் போட்டுத் தேய்க்கவில்லை. சாம்பல் கீறும். புளியின் அமிலம் இணைப்புகளில் தங்கி அரிக்கும்.
2. உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்தோம். நுரை வந்தது. அது கார்பன் டை ஆக்சைடு! நுரை அடங்கியதும் கொட்டிப் பலமுறை அலசினோம். அமிலம் நெடுநேரம் இருந்தால் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்துவிடும்.
3. கவிழ்த்து வைத்து நன்றாகக் காயவிட்டோம். சீக்கிரம் காயட்டும் என்று வெறும் கொதிகலனைத் தீயில் காட்டக் கூடாது. ஈயப் பற்று 200 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும்.
4. சக்கரத்தின் அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

தெரியுமா?
1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட ரயில் எஞ்சின் இ.ஐ.ஆர்.21. 1909-இல் ஓய்வு பெற்றது. அதை நம் பெரம்பூர் லோகோ பணிமனையில் சீர்செய்து 2010-இல் மறுபடி ஓட வைத்தார்கள்!

அப்படியானால் நம் எஞ்சினையும் ஓட்டலாமே? இப்போது வேண்டாம். வால்வு இன்னும் சரியாகவில்லை. புது வால்வு போட்டாலும், தெரிந்தவர் முதலில் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாய்லர் உள்ள கம்பெனியில் உங்க அப்பா வேலை பார்த்தால் கேட்டுப் பாருங்கள். ஆய்வாளர் சான்று இல்லாமல் பெரிய பாய்லரை இயக்கக் கூடாது. 1923-இலேயே இதற்குச் சட்டம் வந்தது. 2025-இல் அதன் இடத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது. 25 லிட்டருக்குக் குறைவான குட்டிக் கொதிகலனுக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஆகவே நமக்கு நாமே ஆய்வாளர்!

எஞ்சின் இப்போது கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வந்து பாருங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றலாம். தீப்பெட்டி மட்டும் வேண்டாம்!

- பதினோராம் வகுப்பு அறிவியல் குழு