விரிதாளில் ஒரு பொருளாதாரப் பாடம்

சேர்வராயன் மலையில், ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த கரடியூரிலும் சுற்றுப்புற ஊர்களிலும் காப்பியும் மிளகும் முக்கியப் பயிர்கள். 1940-களிலிருந்து 1990-கள் வரை காப்பி விளைச்சலைக் காப்பி வாரியமே தொகுத்து விற்று வந்தது. இன்று உழவரே விலை பேச வேண்டியவராயிருக்கிறார். 2021-ஆம் ஆண்டு பிரேசிலில் உறைபனியால் செடிகள் கருகியபோது உலகெங்கும் காப்பி விலை ஏறிற்று. விலை நம் கையில் இல்லை. நம் அடக்க விலையை அறிவது நம் கையில் உள்ளது.

இதற்கு உதவுவது கணினியிலுள்ள விரிதாள். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்ற டான் பிரிக்ளின், ஓர் எண் மாறினால் கரும்பலகைக் கணக்கு முழுவதையும் அழித்தெழுத நேர்ந்த தொல்லையைக் கண்டு இதனைக் கருதினார். அவரும் பாப் பிராங்க்ஸ்டனும் அமைத்த 'விசிகால்க்' 1979-இல் வெளிவந்தது.

பாடத்திற்காக, ஒரு சிறு தோட்டத்தின் கணக்கைப் பின்வருமாறு கொள்வோம்:

1. உலர்ந்த காப்பி: 400 கிலோ
2. கிலோ விலை: ரூ. 300
3. வரவு: ரூ. 1,20,000
4. உரம், கூலி, வண்டிச் செலவு: ரூ. 60,000
5. குடும்பத்தார் உழைப்பு, 100 நாள், நாளுக்கு ரூ. 450 வீதம்: ரூ. 45,000
6. மீதி: ரூ. 15,000

மூன்றாவது, ஆறாவது கட்டங்களில் எண்ணை எழுதாமல் சூத்திரத்தை எழுத வேண்டும். பின்னர் விலையை 250 என மாற்றுக. வரவு 1,00,000 ஆகும். மீதி 5,000 ரூபாய் நட்டமாக மாறும். ஐந்தாவது வரியை விட்டுவிட்டாலோ 40,000 ரூபாய் இலாபம் என்று தோன்றும். அது தோற்றமே. அந்த நூறு நாட்களில் வேறிடத்தில் ஈட்டியிருக்கக்கூடிய கூலியைப் பொருளாதார நூலார் வாய்ப்புச் செலவு என்பர். வீட்டுப் பெண்கள் பழம் பறித்த நாட்களே பெரும்பாலும் கணக்கில் ஏறாமற்போகின்றன.

மொத்தச் செலவான 1,05,000-ஐ 400-ஆல் வகுத்தால் கிலோவுக்கு ரூ. 262.50 வரும். இதுவே அடக்க விலை. ஆயினும், பழம் பழுத்து நிற்கையில் உரச் செலவு முன்பே போனதாகும். பறிப்பு, உலர்த்தல், வண்டி ஆகியவற்றின் செலவுக்கு மேல் விலை கிடைக்குமாயின் பறித்து விற்பதே நன்று. அடக்க விலை, வரும் ஆண்டில் எவ்வளவு செலவிடலாம் எனத் தீர்மானிக்கும்போது பயன்படுவது.

ஊராட்சி உறுப்பினர்கள் தங்கள் ஊர் உழவர்களையும் மகளிர் குழுவினரையும் கூட்டி, அவரவர் எண்களைக் கொண்டே இக்கணக்கைப் போட்டுக் காட்டுதல் வேண்டும். வியாபாரி வாயிலுக்கு வருமுன் தம் அடக்க விலையை அறிந்த உழவர், பேரத்தில் எளிதில் ஏமாறார்.