முதல் துப்பாக்கி எது?

கேள்வி: டல்லாஸில் யுஎஸ்பிஎஸ்ஏ துப்பாக்கிப் போட்டிகளில் இறங்க ஆசை. .40 காலிபர் வாங்கினால் புள்ளிகள் கூடும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: நண்பர் சொல்வது பாதி உண்மை. குண்டின் எடையை (கிரெய்ன்) அதன் வேகத்தால் (விநாடிக்கு அடி) பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வருவது 'பவர் ஃபேக்டர்'. 165 தொட்டால் மேஜர் (.40 எளிதில் எட்டுவது இதைத்தான்), 125 தொட்டால் மைனர். இலக்கின் 'ஏ' பகுதியில் பட்டால் இரண்டுக்கும் 5 புள்ளிதான். 'சி'யில் மேஜருக்கு 4, மைனருக்கு 3. 'டி'யில் 2, 1. அதாவது, குறி விலகும்போதுதான் மேஜருக்கு லாபம்.

புதியவர்கள் அதிகம் சேரும் புரொடக்ஷன், கேரி ஆப்டிக்ஸ் பிரிவுகளில் எல்லோருக்கும் மைனர் கணக்குதான். எனவே 9 மி.மீ. வாங்குங்கள்: தோட்டா மலிவு, உதைப்பும் குறைவு. 124 கிரெய்ன் குண்டு 1050 அடி வேகத்தில் போனாலே 130 வந்துவிடும்.

டிரிகரை முழுதாக மூடும் ஹோல்ஸ்டர், வளையாத பெல்ட், நான்கைந்து மேகசின், அவற்றுக்கான பைகள், கண்ணாடி, காதுக்கவசம் போதும். வாங்குமுன் ஒரு போட்டியை நேரில் பாருங்கள். மிச்சப் பணத்தைத் தோட்டாவிலும் பயிற்சியிலும் போடுங்கள். புள்ளிகளை விநாடிகளால் வகுத்தே வரிசைப்படுத்துகிறார்கள் என்பதால், பழகிய கைக்கே பலன்.