வெளிநாட்டு டெண்டருக்குக் கிளம்பும் மாதனூர்ப் பிள்ளைகளுக்கு

டேங்க் அடிக்கிறவர்கள், பம்பு பழுது பார்க்கிறவர்கள், சுத்திகரிப்பு நிலையத்தில் பத்து வருஷம் ஷிப்டு பார்த்துவிட்டுச் சொந்தமாகப் பட்டறை போட்டவர்கள் என்று நம் மாதனூர், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி வீட்டுக்கு வருகிறார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான். "வெளிநாட்டில் பெரிய பெரிய பிளான்ட் கட்டுறாங்களாமே பெரியப்பா, நாமும் டெண்டர் போடலாமா? கவர்மென்ட் உதவி பண்ணுமாமே?"

போடலாம். உதவியும் இருக்கிறது. 34 வருஷம் தோல் கழிவுநீரோடு வாழ்ந்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொள்கிறது.

1. உங்களிடம் விற்க என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சாலை போடவும் பாலம் கட்டவும் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தோல் ஷாப்பிலிருந்து வரும் தண்ணீரைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஊறல் தொட்டியின் உப்பு, சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த நாற்றம், குரோம் டிரம்மின் நீலத் தண்ணீர், முடியும் சவ்வும் சேர்ந்து பம்பை அடைக்கும் கசடு, இவற்றையெல்லாம் நாம் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. பாலாற்றை இழந்து படித்தோம். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. அதற்கு முன்னும் பின்னுமாகத்தான் துத்திப்பட்டில் ஆம்பூர்டெக், வாணியம்பாடியில் வானிடெக், ராணிப்பேட்டையில் ராணிடெக் என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வளர்ந்தன. ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்பான யூனிடோ 1990-களில் சென்னையில் அலுவலகம் வைத்து இங்கே வேலை செய்தது. பிறகு ஆர்.ஓ. வந்தது, எவாபரேட்டர் வந்தது, ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிலை வந்தது. மெம்பிரேன் எந்த மாதத்தில் அடைக்கும், எவாபரேட்டர் குழாயில் உப்பு எங்கே படியும் என்று நம் ஆபரேட்டர்களுக்குக் கைப்பாடமாகத் தெரியும். அதுதான் உங்கள் சரக்கு. அதை விட்டுவிட்டு, எல்லாம் செய்வோம் என்று விசிட்டிங் கார்டு அடிக்காதீர்கள்.

2. அரசாங்கம் ஆர்டர் வாங்கித் தராது. தன் பேரையும் கடனையும் கதவாகத் திறந்துவைக்கும். உள்ளே நடந்து போக வேண்டியது நீங்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு யாழ்ப்பாணத்து ரயிலைச் சொல்வேன். 1990-லிருந்து ரயிலே போகாத தடம் அது. இந்திய அரசு இலங்கைக்குக் கடன் கொடுத்தது. ஓமந்தையிலிருந்து காங்கேசன்துறை வரைக்கும் பாதையைத் திரும்பப் போட்டது இர்கான் என்ற நம் பொதுத்துறை நிறுவனம். 2014 அக்டோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. இந்த மாதிரிக் கடன் 1982-இல் தொடங்கிய எக்சிம் வங்கி வழியாகப் போகிறது. பொதுவான விதி என்னவென்றால், டெண்டரில் இந்திய நிறுவனங்கள்தான் போட்டியிட முடியும், ஒப்பந்த மதிப்பில் குறைந்தது 75 சதவீதச் சரக்கும் சேவையும் இந்தியாவிலிருந்து போக வேண்டும். டான்சானியாவில் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குக் குடிநீர் கொடுக்கும் திட்டத்துக்கு இந்தியா 50 கோடி டாலர் கடன் தந்திருக்கிறது. அந்த 75 சதவீதத்துக்குள் வால்வு இருக்கும், தொட்டி இருக்கும், பேனல் போர்டு இருக்கும், அதை மாட்டிவிட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஆளும் இருப்பான். அந்த ஆள் ஏன் மாதனூர்க்காரனாக இருக்கக் கூடாது?

3. ஆகவே நேரடியாக மெயின் டெண்டர் போட ஆசைப்படாதீர்கள். வளர்ச்சி வங்கிகளின் பணத்தில் நடக்கும் டெண்டர்களில் கடந்த ஆண்டுகளின் விற்றுவரவு, இதே மாதிரி வேலையை முடித்த அனுபவம், கையிருப்புப் பணம் எல்லாம் கேட்பார்கள். பட்டறைக் கணக்கு அதற்குப் போதாது. பெரிய ஒப்பந்தக்காரருக்குக் கீழே சப்-கான்ட்ராக்டராகப் போங்கள். தூரமாகவும் தேட வேண்டாம். சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் வாபாக், டாக்காவின் பாக்லா கழிவுநீர் நிலைய வேலையை எடுத்திருக்கிறது. அதற்கு உலக வங்கியும் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் கடன் கொடுக்கின்றன. இப்படிப்பட்ட நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் வெண்டார் பதிவு என்று ஒன்று உண்டு. டெண்டர் வந்த பிறகு அதைத் தேடிப் பிரயோசனமில்லை. வேலை இல்லாத நாளில் பதிந்து வையுங்கள்.

அதற்கும் முன்னால், கான்பூர் ஜாஜ்மாவுக்கும் கொல்கத்தா பாந்தாலாவுக்கும் ஒரு தடவை போய் வேலை செய்யுங்கள். தோல்காரர்கள் உள்ள ஊர்கள் அவை. சொந்த ஊர் தாண்டி ஒரு வேலையை முடித்த கடிதம் இல்லாதவனைக் கடல் தாண்டி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

4. சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு, ஜி.எஸ்.டி., ஏற்றுமதிக்கு வேண்டிய ஐ.இ.சி. எண் மூன்றையும் இந்த மாதமே முடியுங்கள். ஐ.இ.சி. வாங்கினால் மட்டும் போதாது, வருஷா வருஷம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையத்தில் போய் விவரத்தை உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் முடக்கிவிடுவார்கள். முடங்கியது சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. மெஷின் வாங்கப் பணம் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் நீட்ஸ் திட்டத்தைக் கேளுங்கள். படித்த புதுத் தொழில்முனைவோருக்கு முதலீட்டில் 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம் மானியம் உண்டு.

5. "உத்யம் இருந்தால் ஈ.எம்.டி. கட்ட வேண்டாம்" என்பது பாதி உண்மை. ஈ.எம்.டி. என்பது டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை. அந்தச் சலுகை 2012-இல் வந்த பொதுக் கொள்முதல் கொள்கையால் வருகிறது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 25 சதவீதம் சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து இருக்க வேண்டும் என்பதும் அதே கொள்கைதான். ஆனால் அது சரக்குக்கும் சேவைக்கும் மட்டும். கட்டுமான ஒப்பந்தத்துக்குக் கிடையாது. வெளிநாட்டு அரசு நேரடியாக விடும் டெண்டருக்கும் கிடையாது. உத்யம் சான்றிதழை மட்டும் இணைத்து அனுப்பிவிட்டு, கதவு சாத்தியதும் அதிகாரியைத் திட்டும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தப்பு அதிகாரி மேல் இல்லை.

6. பேங்க் கியாரண்டியைப் பற்றி நிதானமாகக் கேளுங்கள். என் வாழ்க்கையிலேயே நல்ல வாய்ப்பு போனது இதனால்தான்.

ஒரு கூட்டாளியோடு சேர்ந்து வெளிநாட்டுச் சுத்திகரிப்பு நிலையப் பராமரிப்புக்கு டெண்டர் போட்டோம். விலை எங்களுடையதுதான் குறைவு. உலக வங்கி மாதிரி ஆவணங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. டெண்டர் எத்தனை நாள் செல்லுமோ, அதற்கு மேல் 28 நாள் வரைக்கும் கியாரண்டியும் செல்ல வேண்டும். எங்கள் வங்கியில் தேதியை டெண்டர் வாங்கிய நாளிலிருந்து எண்ணிவிட்டார்கள். எண்ண வேண்டியது டெண்டர் தாக்கலாகும் கடைசி நாளிலிருந்து. 4 நாள் குறைந்துபோனது. திறந்த அன்றே எங்கள் கவரை ஓரமாக வைத்துவிட்டார்கள். மூன்று மாத வேலை. என் மனைவி நகையை வைத்துத்தான் மார்ஜின் பணம் கட்டியிருந்தேன்.

வங்கிக்காரரை அன்றைக்குத் திட்டினேன். இன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. தேதியை எண்ணிச் சரிபார்க்க வேண்டியவன் நான். ஆகவே இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். டெண்டர் ஆவணத்தில் கியாரண்டிக்கு ஒரு வாசகம் கொடுத்திருப்பார்கள். அதில் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் அடிக்கச் சொல்லுங்கள். தேதியை நீங்களும் ஆடிட்டரும் தனித்தனியாக எண்ணுங்கள். டெண்டர் விடும் நாட்டு வங்கி வழியாகக் கியாரண்டி வரவேண்டுமா என்று பாருங்கள். வேண்டுமென்றால் இரண்டு வங்கிக் கமிஷன், கூடுதலாகச் சில வாரங்கள். கடைசி வாரத்தில் வங்கி வாசலில் போய் நிற்காதீர்கள்.

7. அனுபவச் சான்றிதழில் பொய் எழுதாதீர்கள். அடுத்தவன் சான்றிதழை இரவலும் வாங்காதீர்கள். இங்கே பிடிபட்டால் ஒரு டெண்டரோடு போய்விடும் என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. 2010-இல் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி உட்பட ஐந்து வளர்ச்சி வங்கிகள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று உங்களை ஒரு வருஷத்துக்கு மேல் விலக்கி வைத்தால் மற்றவையும் விலக்கி வைக்கலாம். உங்கள் கம்பெனி பெயர் இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி கிடக்கும். மாறாக, செய்த சின்ன வேலைக்கும் முறையாகக் கடிதம் வாங்குங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், உள்ளே வந்த டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்பு, எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, எத்தனை மாதம் ஓட்டினீர்கள் என்று தலைப்புத்தாளில் கையெழுத்தோடு இருக்கட்டும். நம் பக்கத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவரிடமும் இப்படி ஒரு தாள் இருக்காது. அது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

8. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் நிலையம் ஒன்றின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் 10 பேர் கசடில் மூழ்கிச் செத்துப்போனார்கள். மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள்தான் பெரும்பாலும். வெளிநாட்டு டெண்டரில் பாதுகாப்புப் பதிவேடு கேட்பார்கள், அதற்காகச் சொல்லவில்லை. சுவர் இடிந்துதான் தொட்டி கொல்லும் என்றில்லை, உள்ளே நிற்கும் வாயுவும் கொல்லும். வாயு மீட்டர் இல்லாமல் ஒருவனையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். இறக்குகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வர வேண்டாம்.

9. பணம். சப்-கான்ட்ராக்டராகப் போகும்போது உங்களுக்குப் பணம் தர வேண்டியவர் இந்தியக் கம்பெனி. அப்போது உங்களைக் காப்பது 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம். 45 நாளுக்குள் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப் போல மூன்று மடங்கு, கூட்டு வட்டியாக. ஒரு பெரிய கம்பெனியிடம் எனக்கு 11 மாதம் பணம் நின்றது. "எங்களுக்கு வந்தால் உங்களுக்கு" என்று ஒப்பந்தத்தின் ஒரு மூலையில் எழுதியிருந்தார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரே கட்டுமான ஒப்பந்தமாக எழுதினால் இந்தச் சட்டம் பொருந்துமா என்றே நீதிமன்றத்தில் வாதம் வரும். சரக்குக்குத் தனி ஆர்டர், மாட்டிக்கொடுத்து ஓட்டுவதற்குத் தனி ஆர்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

நேரடியாக வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பினால் இ.சி.ஜி.சி. காப்பீடு எடுங்கள். 1957-லிருந்து இருக்கும் அரசு நிறுவனம். வாங்கியவர் திவாலானாலும், அந்த நாட்டில் கலவரம் வந்து பணம் நின்றாலும் நஷ்டத்தின் பெரும்பகுதி கிடைக்கும். ஆனால் அனுப்பிய சரக்கை மாதா மாதம் அறிவிக்க வேண்டும், பணம் தாமதமானால் அதையும் குறித்த காலத்தில் சொல்ல வேண்டும். பிரீமியம் கட்டிவிட்டு இதைச் செய்யாதவர்களின் கிளெய்ம்தான் தள்ளுபடியாகிறது.

10. விலை சொல்வதற்கு முன் இடத்தைப் போய்ப் பாருங்கள். டாக்காவில் ஹசாரிபாக் டேனரிகளை 2017 ஏப்ரலில் மின்சாரத்தை வெட்டி மூடினார்கள். எல்லாரும் சாவரில் கட்டிய புதுப் பேட்டைக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டும் வேலை 2012-இல் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குப் போனது. ஒரு நாளைக்கு 25,000 கன மீட்டர் என்று திட்டம். கட்டி முடித்தும் உப்பைப் பிரிக்க அதில் ஏற்பாடு இல்லை, திடக்கழிவுக்கும் வழியில்லாமல் திணறியது. பக்ரீத் முடிந்த வாரங்களில் தோல் மலையாகக் குவியும்போது அந்த நிலையத்தின் கொள்ளளவு போதவில்லை. பக்ரீத் சமயத்தில் பச்சைத் தோல் எப்படி வந்து குவியும் என்று ஆம்பூரில் ஒரு சின்னப் பையனைக் கேட்டாலே சொல்லியிருப்பான். அந்த டெண்டர் நடந்தபோது நம் பக்கத்திலிருந்து ஒருவரும் அந்த மேஜையில் இல்லையே என்று எனக்கு இன்றும் வருத்தம்.

11. கடைசியாக, நாமும் முடிக்காத ஒரு வேலை. எவாபரேட்டரிலிருந்து வரும் கலப்பு உப்பு. சோடியம் குளோரைடும் சல்பேட்டும் மற்றதும் கலந்து யாருக்கும் உதவாமல், மழை படாதபடி நம் நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அடையாறில் 1948-லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பஸ்ஸில் நாலைந்து மணி நேரம்தான். உங்கள் நிலையத்து உப்பில் ஒரு பையை எடுத்துக்கொண்டு போய் அங்கே விஞ்ஞானிகளைப் பாருங்கள். பிரித்து விற்க ஒரு வழி கிடைத்தால், அந்த மெஷினைக் கேட்டு ஜாஜ்மாவிலிருந்தும் சாவரிலிருந்தும் அவர்களே மாதனூருக்கு வருவார்கள். போகிறவர்கள் எனக்கு முதல் நாள் ஒரு போன் செய்யுங்கள், நானும் கூட வருகிறேன்.