பழங்கணினி பற்றி எழுதிய சாய்ந்தமருதுத் தம்பிக்கு



பிபிசி மைக்ரோ என்னும் பழைய கணினியும் அதன் வழிவந்த கணினிகளும் இனி நிலைக்குமா என்று வினவும் தம்பியின் கட்டுரையில், அக்கணினியின் 2 மெகாஹேர்ட்ஸ் வேகமும் 32 கிலோபைட் நினைவகமும் இன்றைய கைத்தொலைபேசியுடன் மூன்று இடங்களில் ஒப்பிடப்பட்டுள்ளன. மூன்றும் நீக்கப்பட வேண்டியவை. 1984இல் இந்தியா 'கிளாஸ்' எனப்பட்ட கணினி எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கி, சுமார் 250 பாடசாலைகளுக்கு இக்கணினியை அனுப்பியபோது, மின்விசையைப் போட்டவுடனேயே ஒரு மாணவர் பேசிக் மொழியில் நிரல் எழுதத் தொடங்க முடிந்தது என்பதே அதன் தகுதிக்கு உரிய அளவுகோலாகும்.

இதனினும் பெரிய குறை, கணினியின் எதிர்காலம் என்பதை நிறுவனத்தின் எதிர்காலமாக மட்டும் தம்பி கொண்டமையாகும். இக்கணினியை உருவாக்கிய, கேம்பிரிட்ஜில் 1978இல் தோன்றிய ஏகோர்ன் நிறுவனம், 1985இல் நிதி நெருக்கடிக்குள்ளாகி ஒலிவெட்டி நிறுவனத்தின் கைக்குச் சென்றதும், 1998இல் மேசைக் கணினித் தயாரிப்பைக் கைவிட்டதும் செம்மையாகவே கூறப்பட்டுள்ளன. அந்நிறுவனத்தில் பிறந்த ஆர்ம் செயலி, அதாவது கணிப்புகளை நிகழ்த்தும் மையச் சில்லு, உலகின் கைத்தொலைபேசிகளுக்குள் குடியேறிய வரலாற்றைச் சொல்லும் பந்தியோ தமிழில் தொழில்நுட்பம் எழுதுவோர் அனைவரும் பொறாமைப்படத்தக்கது; அதில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. ஆயினும் அக்கணினிகளில் மக்கள் எழுதி வைத்தவை என்னவாயின என்ற வினா கட்டுரையில் எங்கும் எழவில்லை.

1086இல் தோலில் எழுதப்பட்ட டூம்ஸ்டே என்னும் இங்கிலாந்தின் நிலக் கணக்கேடு இன்றும் வாசிக்கத்தக்கதாயிருக்க, அதன் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டிப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பங்களிப்போடு 1986இல் பிபிசி உருவாக்கிய புதிய டூம்ஸ்டே, லேசர் தட்டுகளில் பதியப்பட்டு பிபிசி மைக்ரோவின் வழிவந்த பிபிசி மாஸ்டர் கணினியை நம்பியிருந்தமையால், பதினைந்தே ஆண்டுகளில் திறக்க ஆளற்ற பெட்டகமாயிற்று. 2002இல் ஆய்வாளர்கள் எமுலேட்டர் ஒன்றை, அதாவது பழைய கணினியின் நடத்தையைப் புதிய கணினியில் நிகழ்த்திக் காட்டும் மென்பொருளை ஆக்கியே அதை மீண்டும் திறந்து காட்டினர். கட்டுரையின் நடுவில் நின்றிருக்க வேண்டிய இச்செய்தி, அடிக்குறிப்பாகக்கூட அதில் இடம்பெறவில்லை.

இதே ஆபத்து நம் பக்கத்து அச்சகங்களின் கோப்புகளுக்கும் உண்டு. கல்முனை அச்சகங்களில் ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்த அச்சுக்கோப்பாளர்களைக் கண்ட தலைமுறைக்கு, பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளும் பாமினி எழுத்துருவும் வந்த காலம் பெருவியப்பாயிருந்தது; கைகளில் மையின்றிக் கல்யாண அழைப்பிதழும் நோன்புக் கலண்டரும் கவிதைத் தொகுதியும் ஒரே மேசையில் உருவாயின. ஆனால் பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியெண்களில் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துரு ஆதலால், அது நிறுவப்படாத கணினியில் அக்கோப்புகள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். எந்த விசைக்கு எந்தத் தமிழ் வடிவம் என்ற அட்டவணை கையிலிருக்கும்வரை அவற்றை யூனிகோடுக்கு, அதாவது உலகின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனிக் குறியெண் வழங்கும் பொதுத் தரத்துக்கு, மாற்றுவது கடினமன்று. ஆயினும் கோப்பைத் தாங்கிய பிளாப்பியும் இறுவட்டும் கடற்காற்றில் கெட்டபின் எந்த அட்டவணையும் உதவாது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை கரையோர வீடுகளின் ஏடுகளைக் கொண்டுபோன ஊரில் வாழ்பவருக்கு இதன் அவசரம் விளங்கும்.

ஆதலால் தம்பியின் அடுத்த கட்டுரை கேம்பிரிட்ஜிலிருந்தன்றி ஊரின் அச்சகம் ஒன்றிலிருந்து தொடங்குதல் வேண்டும். அங்குள்ள பழைய கோப்புகளில் எவை திறக்கின்றன, எவை திறக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் எந்த மென்பொருள் தேவைப்பட்டது என்பவற்றை முதலில் குறித்துக்கொண்டு, நிறுவனங்களின் கதையை அதன் பின்னரே சேர்த்துக்கொள்ளலாம்.